மூக்குக் கனம்

இல்லக்கா, அது தென்ன மட்டை. இந்தப் பக்கம் அடிக்கடி விழும். நீங்க எந்திரிக்காதீங்க, உக்காருங்க. ஜன்னல் பக்கம் போனா வெயில் மூஞ்சியில அடிக்கும். இங்கதான் காத்தாடிக் காத்து நேரா உங்க மேல படும், அதுக்குன்னே நாற்காலிய நடு வீட்டுல போட்டேன். அந்த எலுமிச்சத் தண்ணியக் குடிங்க மொதல்ல, பாதி அப்படியே நிக்குது. சீனி பத்தலையா? டீ குடிச்சா பித்தம்னு சொன்னீங்களேன்னு அவசரத்துல கலக்குனது.

கண்ணாடி மாதிரி கேட்டுச்சா? அது பக்கத்து வீட்டு பிச்சமுத்து சம்சாரம் பாத்திரம் தேய்க்கிறா. அவ தேய்ச்சா ஈப்போ டவுனுக்கே கேக்கும். உங்க காருக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, மரம் ஒரு பக்கம், காரு ஒரு பக்கம். புதுக் காரு வேற, எனக்கு அந்தக் கவல இருக்காதா.

ஏரோப்ளேன் சத்தமா? ஆமா, நின்னுருச்சு. அது அப்படித்தான், கொசு மாதிரி கத்தும், எண்ண தீந்தா வாய மூடிக்கும். நீங்களே சொல்லுங்க, பாரிட் புந்தார்லேருந்து விடியக்காலம் கெளம்பி பொண்ணு பாக்க வந்திருக்கீங்க. வந்த மாப்பிள்ளத் தம்பிய ஏரோப்ளேன் காட்டுறேன்னு எதுத்தாப்புல பாடாங்குத் தெடலுக்குக் கூட்டிட்டுப் போற மனுசன எங்கயாவது கண்டிருக்கீங்களா? எங்க வீட்டுக்காரருதான். தம்பி ஜெயபாலன் மரியாதைக்குக் கேட்டாரு, கட்டிலுக்கு அடியில என்ன றெக்க மாதிரி தெரியுதுன்னு. நான்தான் பாய் போட்டு மறைச்சு வச்சிருந்தேன், பாழாப்போன றெக்க வெளிய நீட்டிக்கிட்டு இருந்திருக்கு. கேட்டதுதான் தாமதம், தூக்கிட்டுக் கெளம்பிட்டாங்க.

எம்பொண்ணு தவமணியும் போயிருக்கு, அப்பா கூட இருக்காருல்ல, தப்பா நெனைக்காதீங்க. எங்க தவமணிக்கு பேக்டரி விட்டா வீடு, வீடு விட்டா பேக்டரி. ரேடியோ பேக்டரியில ஈயம் வச்சு ஒட்டுற வேல. நிமிந்து ஒரு ஆள பாக்காது.

வெளையாட்டுச் சாமானா? அப்படிச் சொல்லிறாதீங்கக்கா, காதுல விழுந்தா சண்டைக்கு வருவா. வருவாரு. எங்க வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரு. தோட்டத்துல இருந்தப்ப ரப்பர் ஸ்டோர் எஞ்சின அவருதான் பாத்துக்கிட்டாரு. தோட்டத்தத் துண்டு போட்டு வித்தாங்க, பால்மரத்த வெட்டி செம்பன நட்டாங்க, நாங்க தோட்டத்து லய வீட்ட விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்துட்டோம். இப்ப ஈப்போவுல ஒரு பட்டறையில இருக்காரு. கை சும்மா இருக்காது. சில ஆம்பளைங்க குடிப்பாங்க, இவரு பசை போட்டு ஒட்டுவாரு. குடிக்கு இது பரவால்லன்னு நானும் விட்டுட்டேன்.

மொதல்ல செஞ்சது நல்லாத்தான் இருந்துச்சு. விசிறி முன்னாடி, வாலு பின்னாடி, பாத்தா ஏரோப்ளேன்னு தெரியும். ஆனா அந்தப் பாடாங்கப் பாத்தீங்கல்ல, மாடு மிதிச்சு மிதிச்சு ஒரே குழி. எறங்குறப்பல்லாம் மூக்கு குத்தி விசிறி ஒடஞ்சிரும். அப்புறம் ஏதோ புஸ்தகத்துல படத்தப் பாத்துட்டு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாச்சு. விசிறி பின்னாடி இருந்தா ஒடையாதாம். சின்ன றெக்க முன்னாடி, பெரிய றெக்க பின்னாடி, எஞ்சின் கடைசியில உக்காந்து தள்ளும். வண்டிக்குப் பின்னால மாட்டப் பூட்டுன மாதிரி. பிச்சமுத்து வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு, ஏண்ணே, இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்னு கேட்டான்.

றெக்க எதுல செஞ்சதுன்னு நெனைக்கிறீங்க? பாசார் மீன் கடையில மீன் வைக்கிற லேசான வெள்ளப் பொட்டி இருக்குல்ல, அதுல. தகடு தகடா அறுத்து, காத்தாடிக் காயிதம் ஒட்டி, உள்ள சைக்கிள் கம்பியெல்லாம் ஓடுது. எத்தன தடவ கழுவுனாலும் மீன் வாட போகலக்கா. அது ஓடுனா தாமான்ல இருக்குற பூனையெல்லாம் பின்னாடியே ஓடும்.

அட, நீங்க எதுக்குப்பா உள்ள வாரீங்க? பாயா? எடுத்துட்டுப் போங்க. ஒண்ணுமில்லக்கா, பிள்ளைங்க வெயில்ல நிக்கிறாங்கல்ல, நெழலுக்குப் பாய் வேணுமாம். எங்க வீட்டுக்காரருக்கு வேர்த்தா மூஞ்சி இப்படித்தான் வெளுத்துப் போவும்.

எங்க விட்டேன்? ஆங், பூஜ. எந்த வண்டி வாங்குனாலும் பொட்டு வச்சு, பழம் கட்டி, சூடம் காட்டித்தானே எடுப்போம். நீங்களும் காருக்குக் கட்டியிருக்கீங்க, வந்ததுமே பாத்தேன், மனசுக்குச் சந்தோசமா இருந்துச்சு. நானும் குளிச்சிட்டு வந்து, எஞ்சின் இருக்குற பக்கந்தானே மொகம்னு அந்தப் பக்கமே பொட்டு வச்சு, நூல்ல எலுமிச்சம்பழத்தக் கோத்துக் கட்டிட்டேன். அது முதுகுன்னு எனக்கு என்ன தெரியும். விசிறியச் சுத்துனதும் பழம் துண்டு துண்டா சிதறி, கிட்ட நின்ன பிச்சமுத்து கண்ணுல ஊத்திருச்சு. ஒரு வாரம் என்கூடப் பேசல. அப்புறம் அவனே வந்து, அக்கா, அடுத்த தடவ பூசணிக்கா கட்டிறாதீங்கன்னான்.

அதுக்குப் பேரு கனார்டு. ஏதோ பாஷையில வாத்துன்னு அர்த்தமாம். பேருக்கு ஏத்த மாதிரி வாத்துதான், பின்பக்கத்தத் தரையில தேய்ச்சுக்கிட்டே ஓடும். எஞ்சின் பின்னாடி, பெரிய றெக்க பின்னாடி, எல்லாக் கனமும் அங்கேயே போய் உக்காந்துக்கிச்சு. அதுக்கு மூக்குல கனம் வேணும்கா. மூக்குல கனம் பத்தலன்னு வைங்க, மூக்கத் தூக்கிக்கிட்டு நேரா மேல போவும். போயி, மூச்சு நின்ன மாதிரி ஒரு நிமிசம் நிக்கும். அப்புறம் எந்தப் பக்கம் விழும்னு அதுக்கே தெரியாது. நான் படிச்சது ரெண்டாம் வகுப்பு, எனக்கே மனப்பாடம் ஆகுற அளவுக்கு இத இந்த வீட்டுல பேசியாச்சு.

மேல பாருங்க, உங்க தலைக்கு நேரா ஒரு கொக்கி தெரியுதா? லயத்து வீட்டுல தவமணிக்குத் தொட்டில் கட்டுனது. வீடு மாறுறப்ப கழட்டிட்டு வந்து இங்க அடிச்சேன். பேரப்பிள்ளைக்குக் கட்டலாம்னு அடிச்சா, அதுல ஏரோப்ளேன் தொங்குது. வயித்துல ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுல நூலக் கட்டி, இதுல தொங்க விட்டுப் பாக்கணும். மூக்கு ஒரு பொட்டு கீழ சாஞ்சா சரி. வாலு சாஞ்சா விடக்கூடாது. இப்படித் தொங்க விட்டுப் பாக்காம ஒரு நாளும் வெளிய எடுக்க மாட்டாங்க. இன்னிக்கு நீங்க கீழ உக்காந்திருக்கீங்க, உங்க தலைக்கு மேல தொங்க விட்டா நல்லாவா இருக்கும்.

தூண்டில் ஈயமெல்லாம் மூக்குல ஒட்டி ஒட்டி ஒரு வழியா சமமாச்சு. பாடாங்குக்குக் கொண்டு போனா மூக்குக் குப்புற விழுது. திரும்ப வந்து தொங்க விட்டா சரியா நிக்குது. திரும்பப் போனா திரும்பக் குப்புற. வீட்டுல ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்கல. அப்புறந்தான் கண்டுபுடிச்சாங்க. நான்தான் ஒவ்வொரு தடவையும் வாசல் தாண்டுறப்ப மூக்குக்கு அடியில ஒரு பழத்தக் கட்டிக்கிட்டு இருந்தேன், விழுந்ததும் அது அறுந்து ஓடிரும். பின்ன? ஊரு கண்ணு முழுக்க அது மேலதான் இருக்கு, வெறுமூக்கா எப்படி அனுப்புறது? அவுத்துப் போடுவாங்க, நான் கட்டுவேன். அவுப்பாங்க, கட்டுவேன். கடைசியில ஒரு நா ஈயத்தையெல்லாம் சொரண்டி எடுத்து, பழத்துக்குன்னே மூக்குல ஒரு வளையம் வச்சாச்சு. அம்மாவ நிறுத்த முடியாது, அதனால அம்மா பழத்தையும் கணக்குல சேத்துட்டேன்னு சொல்லி.

அம்மான்னா சொன்னேன்? அவரு என்னய அம்மான்னுதான் கூப்பிடுவாரு. பிள்ள பொறந்ததுலேருந்து அப்படித்தான்.

அன்னிக்குப் பறந்துச்சுக்கா. செம்பனத் தோப்புக்கு மேல, சின்ன றெக்க முன்னாடி வழி காட்ட, மஞ்சப் பழம் மூக்குல ஆட, அவ்வளவு அழகு. தாமான் கோழியெல்லாம் பருந்துன்னு கூண்டுக்குள்ள ஓடுச்சு. அன்னிலேருந்து வாரா வாரம் பாசார்ல ராமையா கடையில கையில தூக்கித் தூக்கிப் பாத்துப் பழம் எடுக்குறது என் வேல. பெருசும் ஆகாது, சிறுசும் ஆகாது. காஞ்சா கனம் கொறஞ்சிரும், ஒடனே மாத்தணும். ராமையா கேட்டான், என்னக்கா, ஊறுகாய் போடவா இப்படிப் பாக்குறீங்கன்னு. பறக்க விடன்னு சொன்னேன். அதுலேருந்து கணக்கு வழக்கில்லாம மரியாத குடுக்கிறான்.

வெளக்குமாறா? கதவுக்குப் பின்னால இருக்கு, எடுத்துக்குங்க. இல்லக்கா, பாடாங்ல ஒரே சருகு, கூட்டிட்டு உக்காரலாம்னு. நீங்க உக்காருங்க. நான் எங்கக்கா ஜன்னலையே பாக்குறேன்? கோழி எங்க மேயுதுன்னு பாத்தேன்.

எனக்குக் கவல எதுலன்னா, பீடோர்லேருந்து ஒரு வீட்டுக்காரங்க வந்தாங்க. சாப்பிட்டாங்க, சிரிச்சாங்க, சொல்லி அனுப்புறோம்னாங்க, ஆளையே காணோம். அதுக்கு முன்னாடியும் ஒரு எடம், அதேதான். தவமணி கூடப் படிச்ச பிள்ளைங்க இடுப்புல பிள்ளையோட வருது. அது கவலப்படல, நான்தான் ராத்திரி பூரா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். மேல பாத்தா அந்தக் கொக்கி. உங்க மகன் போட்டாவப் பாத்ததும் இந்த எடம் அமையணும்னு முருகன வேண்டிக்கிட்டேன். அதான் காலையிலேருந்து எதையும் உங்க கண்ணுல காட்டாம இருக்கப் பாத்தேன்.

குடிச்சு முடிச்சிட்டீங்களா? நல்லது. இப்ப ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

அந்த ஏரோப்ளேன் எங்க வீட்டுக்காரர் செஞ்சது இல்ல. அவரு வாலப் புடிப்பாரு, அவ்வளவுதான். அறுத்தது, ஒட்டுனது, கம்பி இழுத்தது, பறக்க விடுறது எல்லாம் தவமணி. பீடோர்க்காரங்க அதக் கேட்டுட்டுத்தான் வரல. அது எங்கயும் நிமிந்து பாக்காதுன்னு சொன்னேன்ல, வானத்தத் தவிரன்னு சேத்துச் சொல்லியிருக்கணும்.

அப்புறம், தென்ன மட்டைன்னு சொன்னது மட்டை இல்ல. உங்க காரு முன்கண்ணாடி. உக்காருங்கக்கா, உக்காருங்க, ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ஏரோப்ளேன் மேல போச்சு, மூக்கத் தூக்கிக்கிட்டு நேரா மேல போச்சு, நின்னுச்சு, காரு மேல விழுந்துருச்சு. நான் இங்கேருந்தே பாத்தேன். அந்த நேரம் அத ஓட்டுற ரேடியோ பெட்டி உங்க மகன் கையில இருந்துச்சு. அவரு மேல தப்பு இல்ல, யாரு புடிச்சிருந்தாலும் இதான் நடந்திருக்கும். நான் ஏன் சொல்றேன்னா, தவமணி அந்தப் பெட்டிய யார் கையிலயும் குடுக்காதுக்கா. பெத்த அப்பன் கேட்டே குடுத்ததில்ல. வந்து ஒரு மணி நேரம் ஆகல, உங்க மகன் கையில குடுத்திருக்கு.

எட்டிப் பாருங்க, இப்பப் பாக்கலாம். எங்க வீட்டுக்காரர்தான் கண்ணாடியக் கூட்டிக்கிட்டு இருக்காரு. அதுங்க ரெண்டும் அந்த ஒடஞ்ச றெக்கைய ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டு, கோடு போட்ட எடத்துல வெரல வச்சுத் தூக்கித் தூக்கிப் பாக்குதுங்க. உங்க மகன் சிரிக்கிறாரு பாருங்க. எம்பொண்ணும் சிரிக்குது.

ஏன் விழுந்துச்சா? மூக்குல பழம் இல்ல, அதான். வீட்டுல வேற பழம் இல்லக்கா, இருந்தது அது ஒண்ணுதான், நீங்க டீ வேணாம்னுட்டீங்க. இன்னிக்கு எவன் பறக்க விடப் போறான்னு கழட்டிப் புழிஞ்சிட்டேன்.

நிமிந்துட்டா. ஏரோப்ளேன் மூக்கத் தடவிப் பாத்துட்டு இங்கதான் வாரா. அந்தக் கிளாஸ இப்படிக் குடுங்க.