கூட்டை மறைச்ச கிளை

அதான் சார், கிளையை யாரு வெட்டினாங்கங்கிறதுக்குத்தான் வர்றேன். கொஞ்சம் பொறுங்களேன். ஆபீஸ்லேர்ந்து வந்தீங்க, காலிக் கூட்டைப் பாத்தீங்க, கேமராக்காரர்தான் படம் எடுக்க வெட்டியிருப்பாருன்னு ரிப்போர்ட் எழுத உக்காந்துட்டீங்க. நான் இந்தச் சரணாலயத்துல பதினோரு வருஷமா சனிக்கிழமை தவறாம ஜனங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பறவை காட்டுறவ. நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த சீசன் வந்தாலே எனக்குத் தலைவலிதான். பறவையெல்லாம் கூடு கட்டுற நேரம். அப்பப் பாத்து நாம போஸ்டர் ஒட்டுறோம், வசந்தகாலப் பறவை நடை, குடும்பத்தோட வாங்கன்னு. வர்றாங்களே! ஆறரைக்கு வாங்கன்னா ஏழேகாலுக்கு. மங்கலா உடுத்திட்டு வாங்கன்னா கண்ணைப் பறிக்கிற மஞ்சள்ல. போன வாரம் ஒருத்தர் பைனாகுலரைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, ரொம்ப தூரத்துல இருக்கேங்கிறாரு. ஒரு அம்மா, மான் எத்தனை மணிக்கு வரும்னு கேக்குறாங்க. நான் என்ன டைம்டேபிளா வச்சிருக்கேன்? சிரிக்காதீங்க சார், எனக்குப் பத்திக்கிட்டு வருது.

என்னது? ஆமா, கிளை வெட்டுப்பட்ட அன்னிக்குக் கேமராக்காரரும் வந்தாரு, இல்லேங்கலையே. பாதையோரமா ஒன்றரை மணி நேரம் மண்ணுல குப்புறப் படுத்துக் கிடந்தாரு. வாயைத் தொறந்தா சிடுசிடுப்புதான், எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனா கூடு இருந்த புதர்கிட்ட போகலை சார். அவரோட பாஸைப் புடுங்கிட்டு இனிமே உள்ளேயே விடக்கூடாதுன்னா எழுதுறீங்க? முதல்ல பேனாவைக் கீழ வைங்க.

ஈபிடிப்பான்னு ஒரு சின்னக் குருவி, அதோட கூடு அது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மூணு குஞ்சு. முன்னாடி நாலு சின்னக் கிளை எலையோட மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அது இருந்தவரைக்கும் காக்கா கண்ணுல படலை. நின்னு எட்டிப் பாத்தா நமக்குத் தெரியும். உக்காந்து பாத்தா வெறும் எலைதான். வெட்டின மறுநாளே காக்கா வந்துடுச்சு. தாய்க்குருவி ரெண்டு நாளா வாயில பூச்சியை வச்சுக்கிட்டு அங்கேயே சுத்துச்சு சார். எனக்குச் சோறு இறங்கலை.

வர்றேன், வர்றேன். அன்னிக்கு எங்க அக்காவும் வந்திருந்தா. கால் ரெண்டும் விளங்காமப் போய் நாலு வருஷம், சக்கர நாற்காலிதான். வாசப்படி தாண்ட மாட்டேன்னு கிடந்தவளைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன். எல்லாரும் எட்டி எட்டிப் பாத்து அடடாங்கிறாங்க. இவ கீழ உக்காந்துக்கிட்டு, என்னடி தெரியுது, என்னடி தெரியுதுன்னு என் கையைப் பிடிச்சு இழுக்குறா. கொஞ்ச நேரத்துல கேக்குறதை நிறுத்திட்டு மடியைப் பாத்துக்கிட்டு இருந்தா. அதுதான் சார் தாங்கலை எனக்கு.

எல்லாரையும் முன்னால நடக்கச் சொல்லிட்டு நான்தான் வெட்டினேன். பாதையில நீட்டுற முள்ளை வெட்டுற கத்தரி என் பையிலேயேதான இருக்கு. எலையைத் தொடாதேன்னு ஊருக்கெல்லாம் கத்துறவ நானு, எனக்கு எங்க போச்சு புத்தி? மூணு குஞ்சும் வாயைப் பொளந்ததைப் பாத்துட்டு அக்கா கை தட்டப் போயிட்டா. சத்தம் போடாதக்கான்னு நான்தான் பிடிச்சுக்கிட்டேன்.

என் பேரையே எழுதுங்க. வேலை போனாப் போகட்டும், அந்த மனுஷனை விட்டுடுங்க. ஒண்ணு மட்டும் சார், விஷயம் எங்க வீட்டுக்குப் போக வேணாம். காலைலகூட அக்கா போன் பண்ணினா, குஞ்செல்லாம் எப்படிடி இருக்குன்னு. பறந்து போயிடுச்சுக்கான்னேன். மூணுமாடின்னா. மூணும்தான்னேன்.