முத்திரை அடி

ராத்திரி ஏழே முக்கால் இருக்கும். வலங்கைமானைத் தாண்டி வாய்க்கால் கரையோடு போகிற ஒற்றைச் சாலை... விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் சம்பா நட்ட வயல், தண்ணீர் நிற்கிறது.

நடந்தது போன வாரம், சுடர்விழியின் சித்தி மகனுக்கு. பூதலூர் ரயில் நிலையத்தில் வண்டி தாமதமான ராத்திரி, மாலை வகுப்புத் தோழிகள் நான்கு பேரும் ஒரே பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னாள்.

அவனுக்குப் பழைய மேடை நாடகப் பாட்டுகளைத் தேடிப் பிடிப்பதில் பைத்தியம். யார் வீட்டுப் பரணிலாவது பாட்டு நோட்டு இருக்கிறதென்று காதில் விழுந்தால் போதும், பைக்கை எடுத்துவிடுவான். பாடுவான், போனில் பதிவு செய்து போடுவான். அப்படித்தான் ரெங்கம்மாளிடம் போய்ச் சேர்ந்தான். அந்த அம்மாளின் அப்பா காத்தான், பகலெல்லாம் பண்ணையில் உழுதுவிட்டு ராத்திரி நாடகத்துக்குப் பாட்டுக் கட்டியவர். அந்தக் கால வழக்கப்படி, பாட்டின் கடைசி அடியில் தன் பெயரைச் செருகி வைத்திருந்தார். முத்திரை அடி என்பார்கள்.

"நோட்டீஸ்ல நாடக வாத்தியார் பேரத்தான் போட்டாங்க தம்பி. எங்கப்பாவுக்குப் பட்டா கிடையாது, ஒரு போட்டோ கிடையாது. அவரு பேரு இந்த ஒரு அடியிலதான் இருக்கு. பாத்துப் பாடுங்க" என்று நோட்டைக் கொடுத்தார் ரெங்கம்மாள்.

பாடினான். ஆனால் தஞ்சாவூரில் நடந்த போட்டியில் சொந்தப் பாட்டுக்குத்தான் பரிசு. காத்தான் இருந்த இடத்தில் இவன் பெயர் தாளம் பிசகாமல் உட்கார்ந்தது. மாற்றிப் பாடினான். பரிசும் வந்தது. வீடியோ ஊரெல்லாம் சுற்றியது.

மறுநாள் ரெங்கம்மாள் போன் செய்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நல்லாப் பாடியிருக்கீங்க தம்பி. எனக்குத்தான் காது மந்தம்... கடைசி அடி சரியா விழல. இன்னொரு தடவ பாடுறீங்களா?"

"டவர் இல்லம்மா" என்று வைத்துவிட்டான்.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள், நோட்டைத் திருப்பிக் கொடுத்துக் காலில் விழுந்துவிடுவது, சரியாகப் பாடி மறுபடி போடுவது என்று கிளம்பினான்.

அந்த வாய்க்கால் சாலையில், மதகருகே வண்டியை அவனேதான் நிறுத்தினான். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பதென்று வாய்க்குள்ளேயே ஒத்திகை. தவளைச் சத்தம் சட்டென்று அடங்கியது. மண்ணெண்ணெய் வாசனை... கூடவே, வியர்வையில் கரைந்த அரிதார வாசனை. வயலுக்குள்ளிருந்து புஸ்... புஸ்... என்று ஆர்மோனியத் துருத்தி. பிறகு ஒரு குரல். அதே பாட்டு.

சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கும் சத்தம். சளக்... சளக்... கிட்டே வந்தது. ஆளைக் காணோம். கடைசி அடி வந்தது. பெயர் வரும் இடத்தில் பாட்டு நின்றுவிட்டது. துருத்தி மட்டும் காத்திருந்தது. புஸ்... புஸ்...

அவனுக்குப் புரிந்தது. எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரே வார்த்தை, காத்தான். அதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தான்? வாயைத் திறந்தான். போட்டிக்காக நூறு தடவை பழகிய நாக்கு...

தன் பெயரைப் பாடிவிட்டது.

துருத்தி நின்றது. "அப்படியா?" என்றது குரல், காதோரமாக. கோபமே இல்லை. அந்தப் பெயரை ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. பிறகு சளக்... சளக்... வயலுக்குள் திரும்பிப் போனது. நோட்டைக் கொடுக்காமலே அவனும் வீட்டுக்குத் திரும்பினான்.

சுடர்விழி நிறுத்தினாள்.

"ரீல் விடாதடி" என்று பர்வின் சிரிக்கப் பார்த்தாள். போனை எடுத்தாள். "அந்தப் பாட்டத் தேடிப் பாக்குறேன். உங்க அண்ணன் பேரச் சொல்லு."

சுடர்விழி வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"இருடி... சின்ன வயசுலேர்ந்து கூப்பிடுற பேருதான்..."

சித்தியின் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சித்தி... சிரிக்காதீங்க. அண்ணன் பேரு என்ன?"

மறுமுனையில் சித்தி அழத் தொடங்கினார்.

"நானும் அஞ்சாறு நாளா அதத்தான்டி யோசிச்சுக்கிட்டிருக்கேன்."