முன்னறிவிப்பில்லாத ஒத்திகை

இந்த அறையின் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. ஆட்கள் கூடும் இடத்தில் அப்படி வைக்கக் கூடாது. தீப்பிடித்தால் முண்டியடிக்கும் கூட்டமே கதவை அடைத்துவிடும். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பத்தொரு வருடம் ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். எங்கே போனாலும் கண் முதலில் கதவைத்தான் பார்க்கும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நிதானமாகச் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வீடு என்றாலே பத்திரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மருத்துவமனையில் ஒரு மாத்திரையை மூன்று பேர் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் அது எறும்பு மருந்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

அவள் வருவதற்கு முன்பே நான் வேலையை ஆரம்பித்துவிட்டேன். தரைவிரிப்புகளைச் சுருட்டிப் பரணில் போட்டேன். குளியலறையில் பிடிகம்பி வைத்தேன். ஒரு பதிவேடு போட்டேன். என்ன மருந்து, எத்தனை மணி, கொடுத்தவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. சரிபார்ப்பவன் நான். மாத்திரைப் பெட்டியை வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை நானே நிரப்புவேன்.

நர்ஸுகள்தான் அமையவில்லை. முதலில் வந்தவள் கை கழுவாமல் மருந்தைத் தொட்டாள். இரண்டாமவள் ஊட்டும்போது செல்போனில் பேசினாள். மூன்றாமவள் தவறு ஒன்றும் செய்யவில்லை. செய்துவிடுவாள் என்று தோன்றியது, அனுப்பிவிட்டேன்.

நான்காவதாக வந்தவளைத்தான் நான்கு நாளாக நீங்கள் காவலில் வைத்திருக்கிறீர்கள். சின்ன உருவம், தத்தித் தத்தி நடப்பாள். அவளுக்குப் பெயர் வைத்தது என் மனைவி. ஐந்து மாதம் பேசாமல் கிடந்தவள் ஒரு காலை அவளைப் பார்த்து, குழறலாக, "குருவி" என்றாள். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பேச்சு நாளுக்கு நாள் தேறியது. குருவியோடுதான் பேசுவாள். நான் உள்ளே போனால் களைப்பு வந்துவிடும். ஒரு நாள் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது நான் இடுப்பைப் பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் என்ன கண்ணாடிச் சாமானா?" என்றாள், குருவியைப் பார்த்து.

"இல்லம்மா, நீங்க எவர்சில்வர். கீழ விழுந்தா சத்தம்தான் வரும், உடையமாட்டீங்க" என்றாள் குருவி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நோயாளி கீழே விழுவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அன்று மாலை பதிவேட்டில் குருவி எழுதியிருந்தாள்: "அம்மா தனியாகப் பத்தடி நடந்தார்." பயிற்சி கொடுக்க வருகிறவரும், இரண்டு மாதத்தில் யார் துணையும் தேவைப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் மெத்தனமாகிக்கொண்டிருந்தார்கள்.

தொழிற்சாலையில் இப்படி மெத்தனம் தலைதூக்கினால் நான் ஒத்திகை வைப்பேன். முன்கூட்டிச் சொல்லமாட்டேன். புகையைக் கிளப்பிவிட்டு ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்ப்பேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எந்த இடத்தில் சறுக்கும் என்று முன்பே கண்டுபிடிப்பதுதான் என் தொழில்.

முதலில் சக்கர நாற்காலியின் பிரேக்கைத் தளர்த்தி வைத்தேன். உட்காரவைப்பதற்கு முன்பே குருவி அசைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்து, தேதி முடிந்த கண் சொட்டு மருந்து. அதையும் எடுத்துப் போட்டுவிட்டு, பதிவேட்டில் குறித்தாள். மூன்றாவது, தண்ணீர். என் மனைவிக்கு விழுங்குவதில் சிரமம் இருந்தது. மாவு கலந்து கெட்டியாக்கித்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். வெறும் தண்ணீரை அவள் இடது கைக்கு எட்டும்படி வைத்தேன். அவள் டம்ளரை உதட்டருகே கொண்டுபோய்விட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குருவி ஓடிவந்து வாங்கினாள்.

"ஐயா, இத யாரு இங்க வச்சது? அம்மாவுக்குப் பொரையேறியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"நான்தான். மறந்துட்டேம்மா."

"பரவால்ல ஐயா. இனிமே நான் பாத்துக்கறேன்."

என் வீட்டில் அந்த வார்த்தையை அதுவரை நான்தான் சொல்லியிருக்கிறேன்.

மாத்திரைக்கு வருகிறேன். இரத்தம் கட்டாமல் இருக்க அவளுக்கு தினம் காலையில் ஒரு மாத்திரை. ஆரம்பத்தில் வீரியம் கூடுதலானது கொடுத்தார்கள், பிறகு டாக்டர் வெகுவாகக் குறைத்துவிட்டார். மிச்சமான பழைய அட்டைகளைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். வீடுகளில் நடக்கும் விபத்துகளில் பாதி இப்படி மிச்சம் வைப்பதால்தான் வருகிறது. நான் வைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை அவற்றால் நிரப்பினேன்.

முதல் காலையே கேட்டுவிட்டாள்.

"ஐயா, நேத்து வரைக்கும் வெள்ளையா இருந்துச்சு. இன்னைக்கு லேசா ரோஸா இருக்கே?"

ஒத்திகை அங்கே முடிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கேள்வி கேட்பது பெரிய விஷயமில்லை. பதில் கிடைத்தபிறகும் விடாமல் நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆகவே சொன்னேன்: "கம்பெனி மாத்திட்டாங்க. டாக்டர்கிட்ட கேட்டாச்சு. நீ குடும்மா."

கொடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நானும் போட்டேன்.

நான்காம் நாள் என் மனைவியின் முழங்கைக்குக் கீழே நாவற்பழ நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. ரத்தப் பரிசோதனையை முன்னாலேயே எடுத்துவிடலாமா என்று குருவி கேட்டாள். பதினெட்டாம் தேதி என்று குறித்தாகிவிட்டது, அவசரம் ஒன்றுமில்லை என்றேன். ஆறாம் நாள் பல் துலக்கியபோது ஈறில் இரத்தம் வந்தது. டாக்டரிடம் நானே பேசிவிட்டேன், பிரஷ்ஷைத்தான் மாற்றச் சொன்னார் என்றேன். புது பிரஷ் வாங்கிக்கொண்டும் வந்தேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மறுபடி நிரப்பினேன். கை நடுங்கியதா என்று கேட்கிறீர்கள். இல்லை. எதையும் சிந்தாமல் நிரப்பினேன்.

எட்டாம் நாள் திட்டுகள் தொடையிலும் வந்திருந்தன. மாத்திரை கொடுக்கும்போது குருவி என்னைப் பார்க்கவில்லை, மாத்திரையையே பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் காலை பெட்டியை மூடி மேசைமேல் வைத்தாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. டாக்டர் வாயால கேக்காம இத நான் குடுக்க மாட்டேன். போன் எடுக்க மாட்டேங்கறாங்க. நேர்லயே போய்ட்டு ஓடி வந்துடறேன். அதுவரைக்கும் அம்மாவுக்கு எதுவும் வேணாம்."

ஒரு மாத்திரையைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மணி எட்டு ஐந்து. அவள் தேறிவிட்டாள், நான் வைத்த எல்லாவற்றிலும். பதிவேட்டில் இதை நானே ஒப்புக்கொள்வேன்.

மருந்து நேரம் எட்டு பத்து. நேரம் தவறுவது நான் அனுமதிக்கிற விஷயமில்லை. தண்ணீரில் மாவு கலந்து, சரியான பதத்துக்குக் கெட்டியாக்கினேன். முதுகுக்குத் தலையணை வைத்து அவளை நேராக உட்காரவைத்தேன். ஒன்றையும் விடவில்லை. அவள் என் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களே குடுக்கறீங்களா?" என்றாள்.

நோய் வந்தபிறகு என்னிடம் அவள் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"ஆமா" என்றேன்.

வாயைத் திறந்தாள்.

குருவி மூச்சிரைக்க ஓடிவந்து நிறுத்தச் சொன்னபோது மணி ஒன்பது. என் மனைவி அதற்குள் தலை வலிக்கிறது என்று சொல்லி வாந்தி எடுத்திருந்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, நாடி பிடித்துப் பார்க்க அந்தப் பெண் எடுத்துக்கொண்டது ஐம்பது வினாடி. நான் குறித்துவைத்திருக்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் ஒருத்தர்கூட அந்த வேகத்தில் செய்ததில்லை. மூளைக்குள் இரத்தக் கசிவு என்றார்கள். மறுநாள் மதியம் எல்லாம் முடிந்தது.

மாத்திரை கொடுத்தது நர்ஸ் என்று என் மகள் புகார் எழுதிக் கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்கள் மேசையில் இருக்கும் பதிவேட்டில் எட்டு காலைகளுக்கு இரண்டு கையெழுத்து இருக்கும். ஒன்பதாம் காலைக்குக் கொடுத்தவர், சரிபார்த்தவர், இரண்டு கட்டத்திலும் என் கையெழுத்துதான். நீங்கள் விரல் வைத்துக் காட்டிய இடம் சரி. மாத்திரையை மாற்றியவன் நான். தெரிந்தே கொடுத்தவனும் நான். அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். நல்ல நர்ஸ். எந்த வீட்டுக்கும் நம்பி அனுப்பலாம்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். மகளுக்கு எட்டாவது மாதம். பிறக்கப்போகும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரோ ஒரு பெண்ணை வீட்டில் வைக்கப்போகிறாளாம். அவள் எப்படிப்பட்டவள் என்று ஒருத்தராவது சோதித்துப் பார்க்க வேண்டாமா?