விதி ஒன்பதும் பாஞ்சாலை அம்மாளும்

உப்புக் காற்றில் நரைத்த தலையோடும் நரைக்காத நேர்மையோடும் இந்த அவைக்குத் தலைமை தாங்கும் சிவஞானம் ஐயா அவர்களே! வெயில் ஏறுமுன் வரப்பில் ஏறி, வெயில் இறங்கிய பின்னும் வரப்பை விட்டு இறங்காத மூத்தோர்களே! தலையில் உப்புக் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாக இந்தக் கடற்கரையையே சுமந்து நடந்த தாய்மார்களே! கூனிமேட்டிலிருந்து லாரிகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளன் செல்லப்பன், உங்கள் அனைவர் முன்னும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

பின்வரிசையில் யாரோ, "சார், மைக்க வாயாண்ட வைங்க, ஒண்ணுமே கேக்கல" என்கிறீர்கள். வைக்க மாட்டேன், ஐயா. இந்த ஒலிவாங்கி இன்று என் மார்புக்குக் கீழேதான் இருக்கும். குரலை வேண்டுமானால் நான் உயர்த்திக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

இன்னும் சற்று நேரத்தில் உப்புப் பாத்திகளைப் பங்கிடும் குலுக்கல் தொடங்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் நாள். எவர் சீட்டு வருகிறதோ அவருக்கு மூன்றாண்டு உழைப்பு. அவர் வீட்டில் மூன்றாண்டு உலை. இதோ, மேசைமேல் பானை இருக்கிறது. அதற்குள் ஒரு பெயர் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தச் சங்கத்தில் இருந்த பெயர். பாஞ்சாலை அம்மாள் என்னும் பெயர். அது பானைக்குள் போவதா, வெளியே நிற்பதா என்று இந்த அவை இப்போது முடிவு செய்ய வேண்டும். அதற்குமுன், அந்தப் பெயரை வெளியே தள்ளிய கை எது என்பதை நீங்கள் அறிய வேண்டும். இந்தக் கைதான்.

நமது விதி ஒன்பதை நீங்கள் அறிவீர்கள். சீட்டில் வந்த பெயரை மும்முறை அழைக்க வேண்டும். உரியவர் தம் வாயால், தம் குரலால், "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பிறர் சொன்னால் செல்லாது. பிறர் தூண்டிச் சொன்னாலும் செல்லாது. சொல்லாவிட்டால் சீட்டு அடுத்தவருக்கு. எழுதியவன் நான். ஏன் எழுதினேன்? கை தூக்கினால் போதும் என்றிருந்த காலத்தில், பெருமுக்கல் ஊரில் படுத்துத் தூங்கியவருக்கு இங்கே அவர் மச்சான் கை தூக்கினார். ஒரே ஆளுக்கு மூன்று மச்சான்கள் கை தூக்கிய ஆண்டும் உண்டு. சிரிக்கிறீர்கள், அன்று நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத்தான் விதி எழுதினேன். ஓட்டை ஒன்றும் இல்லாத விதி என்று அன்று எனக்குப் பெருமை. ஒரு பெண் உள்ளே நுழையக்கூட அதில் ஓட்டை இல்லாமல் போயிற்று.

சென்ற குலுக்கல் நாள். அந்த ஆண்டுதான் சங்கத்துக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கினோம். ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பந்தல் அதிரப் பெயர் வாசித்தேன். பதினேழாவது சீட்டு. பிரித்தேன். "பாஞ்சாலை!" பதில் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் வரிசையில், என் கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "பாஞ்சாலை!" சிரிக்கிறார். பக்கத்தில் இருந்த சின்னப்பாப்பா அம்மாள் எழுந்தார். அம்மா, அன்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை.

"சார், அது இங்கதான் குந்திகினு இருக்குது, கண்ணு தெரியலியா உங்களுக்கு?"

நான் என்ன சொன்னேன்? "சம்பந்தப்பட்டவர் பதில் சொல்லட்டும் அம்மா. நீங்கள் அவரைத் தொடக் கூடாது." நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். மூன்றாம் முறை அழைத்தேன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அப்போதும் சிரித்தார். செயலாளர் தன்னைப் பார்க்கிறார், தானும் மரியாதைக்குச் சிரிக்க வேண்டும் என்று சிரித்தார். நான் பேரேட்டில் எழுதினேன்: 'வரவில்லை.'

மனிதர் எதிரே இருக்க, கண் இரண்டும் திறந்திருக்க, வரவில்லை என்று எழுதினேனே, அப்போது எங்கள் இருவரில் ஊனம் யாருக்கு?

கூட்டம் கலைந்தபின் மேசையருகே வந்தார். "சார், எம் பேரு இன்னும் வரலீங்களா?" ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன், மும்முறை அழைத்தாயிற்று என்று. அப்போதுதான் கவனித்தேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்தார். அது அசைந்து முடியும்வரை பார்த்தார். பிறகு, "சரிங்க சார்" என்றார்.

ஆறாண்டுகளாகவே அவருக்குச் செவி போய்க்கொண்டிருந்ததாம். ஒரு காய்ச்சலுக்குப் பின் பறவைகள் போயின. பிறகு பக்கத்து வீடு போயிற்று. பிறகு சொந்த மகள் சந்தியாவின் குரலும் போயிற்று. உதட்டைப் பார்த்தே அத்தனை ஆண்டும் நம்மோடு பேசினார்; நாம் அறியவில்லை. சென்ற குலுக்கலுக்கு முந்தைய குலுக்கலில் ஒலிபெருக்கி இல்லை, என் வாய் தெரிந்தது, பெயர் தெரிந்தது, பாத்தி கிடைத்தது. சென்ற முறை நான் ஒலிவாங்கியால் வாயை மூடிக்கொண்டு கூவினேன். இந்தக் கூட்டத்தில் இன்னும் எத்தனை பேர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால்தான் இந்த ஒலிவாங்கி கீழே இருக்கிறது.

முன்பே சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? நானும் கேட்டேன். "சொன்னா யாரு சார் வேலைக்குக் கூப்டுவாங்க?" என்றார். உண்மையா, பொய்யா? வரப்பில் நீங்கள் பேசியவற்றை நான் கேட்டிருக்கிறேன். "கூப்ட்டா திரும்பாது, மகாராணி!" திமிர் என்று நினைத்தீர்கள். உண்மை தெரிந்தபின் "ஏய் செவுடி" என்றீர்கள். அவர் திமிர் பிடித்தவராக இருந்த வரையில்தான் அவருக்கு மரியாதை இருந்தது.

சகாதேவன், நீங்கள் ஏன் தலை குனிகிறீர்கள்? அன்று அடுத்த சீட்டு உங்களுடையது; அவர் பாத்தி விதிப்படி உங்களுக்கு வந்தது. குற்றம் உங்கள்மேல் இல்லை. விதி மீறப்பட்டிருந்தால் நான் திருத்தியிருப்பேன். அது எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றப்பட்டது. அதுதான் என் துயரம்.

பாத்தி போனபின் அவர் கூலிக்கு உப்புச் சுமந்தார். மருத்துவ முகாமில் கொடுத்த காதுக் கருவியை மாட்டிக்கொண்டு வந்தார். "காத்து சத்தம் மட்டும் கேக்குது சார், மனுசன் சத்தம் கேக்கல" என்றார். வியர்வையும் உப்பும் புகுந்து இரண்டே மாதத்தில் அந்தக் காற்றும் நின்றது. ஒருநாள் பின்னுக்கு வந்த லாரி, ஒலிப்பான் அலற அலற, அவர் தோளை இடித்துத் தள்ளியது. மேஸ்திரி ஆரோக்கியராஜ் கையெடுத்துக் கும்பிட்டார்: "யம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும், நாளையிலேர்ந்து வராத." அவரைக் குறை சொல்லத் தெரியவில்லை எனக்கு. இரண்டு பருவம் பாத்தி இல்லாதவர் உறுப்பினர் அல்லர் என்பது விதி பதினான்கு. அதையும் எழுதியவன் நானே. பெயரை அடித்தவனும் நானே.

மகள் சென்னையில் வேலை செய்கிறார். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவார்கள். சிக்னல் நின்றால் மகளின் வாய் பாதிச் சொல்லில் உறைந்துவிடும். நமக்காவது குரல் தொடரும். அவருக்கு அந்தத் திறந்த வாய் மட்டும் மிஞ்சும். அது மறுபடி அசையுமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். பகல் முழுதும் கதவை அகலத் திறந்து வைத்து, வாசலை நோக்கியே உட்கார்ந்திருக்கிறார். எதிரே தரையில் அமர்ந்து, மெல்லப் பேசினேன். கூட்டத்துக்கு வாருங்கள், முன்வரிசையில் நாற்காலி போடுகிறேன் என்றேன்.

"வந்து இன்னா சார் பண்றது? நீங்க பேசுவீங்க. எல்லாரும் கை தட்டுவாங்க. எனக்குக் கைங்க ஆடறதுதான் தெரியும்."

உங்கள் பெயரைப் பானையில் போடுவோம் அம்மா என்றேன்.

"போட்டு? அப்பால கூப்டணுமே சார்!"

ஐம்பது வயதுவரை விதிகளோடு வாழ்ந்தவன் நான். நேற்றிரவு அந்த விதிகளையே திருத்தி எழுத உட்கார்ந்தேன்.

அவையீரே! இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். பெயரைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுவோம். உரியவர் எழுந்து நின்றால் போதும். அருகில் இருப்பவர் தொட்டு எழுப்பலாம். இது விதி ஒன்பதுக்குத் திருத்தம். பாஞ்சாலை அம்மாளுக்கு விதி பதினான்கிலிருந்து விலக்கு. இது இரண்டாவது. நிறைவேறினாலும் சீட்டு அவருக்கு வரும் என்று உறுதி இல்லை. வந்தாலும் லாரிகள் பின்னுக்கு வருவது நிற்காது. நாம் தொலைத்த மூன்றாண்டை எந்தத் தீர்மானமும் திருப்பித் தராது. ஆயினும் கேட்கிறேன். கை தட்ட வேண்டாம்; கையை உயர்த்துங்கள். உயர்த்தியபடி வைத்திருங்கள், தலைவர் எண்ணி முடிக்கும்வரை.

முடிவு எதுவாயினும் தாளில் எழுதி, உடனே நானே எடுத்துச் செல்வேன். தூரத்தில் என்னைக் கண்டதும் அவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு. சாத்திவிட்டால், பெரியோர்களே, அந்தக் கதவை நான் தட்டிப் பயனில்லை.

இதுவரை என் சொல்லைக் கேட்டவர்களுக்கும், கேளாமல் என் முகத்தையே பார்த்திருந்தவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.