மாற்றுச் சாவி

யாருக்கும் எதையும் சும்மா கொடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சாரம் கட்டிப் பிழைத்தவன். கட்டடம் முடிந்ததும் கம்பு, கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவேன். என் மகன் நேர்மாறு. வெப்சைட் கட்டுகிறவர்களுக்கு அவனும் ஒரு சாரம்தான் செய்தான். ஊர் உலகமே அதை இலவசமாக எடுத்துக்கொண்டது.

அவன் தலைக்குள் கட்டி என்று தெரிந்ததும், தனக்குப் பிறகு அதை நடத்த ஒருத்தியைப் பிடித்தான். இணையத்திலேயே கூட வேலை செய்தவளாம். நேரில் பார்த்ததுகூட இல்லை.

"சும்மா குடுக்கிற சரக்குக்கு வாரிசு வேறயாடா?"

"நான் போனாலும் அது ஓடணும்ப்பா. எத்தனையோ பேர் அதை நம்பி இருக்காங்க."

"எங்கிட்ட உக்காந்து பேச மட்டும் உனக்கு நேரமில்ல."

"அவ கையில குடுத்துட்டு வர்றேன். அப்புறம் நீங்களே போதும்டான்னு சொல்ற வரைக்கும் பேசலாம்."

நான் நம்பவில்லை.

கட்டைவிரல் அளவில் ஒரு சாவி. கணினியில் அதைச் செருகினால்தான் அவன் சாரத்தின் புதுப் பதிப்பு வெளியே போகும். மாற்றுச் சாவியும் ஒன்று உண்டு. "நீங்க யாரையும் நம்ப மாட்டீங்கப்பா. அதைவிடப் பத்திரமான இடம் ஏது?" என்று சிரித்தபடி, அதை என்னிடம் கொடுத்திருந்தான்.

சாவியை வாங்கிக்கொள்ள அவள் வருவதற்கு முந்தின நாள் இரண்டையும் குப்பையோடு கட்டிப் போட்டேன். வேலை நின்றால், இருக்கிற கொஞ்ச நாளாவது என்னோடு இருப்பான் என்று நினைத்தேன்.

தேடினான். நானும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன்.

"சரி விடுங்கப்பா. உங்ககிட்ட குடுத்ததை எடுங்க."

"எங்கிட்ட எப்போடா குடுத்தே?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞாபகம் தப்பும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அன்று அது தப்பவில்லை. எனக்குத் தெரியும்.

"ஆரம்பிச்சிருச்சு போல," என்றான்.

வந்தவள் வெறுங்கையோடு போனாள். அந்தச் சாவி படாத பதிப்பை யாரும் நம்பவில்லை. ஓட்டைகளை அடைக்க வழியில்லாமல், ஒவ்வொருவராக வேறு சாரத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

மகன் என்னோடுதான் இருந்தான். பேசத்தான் இல்லை. வாயைத் திறந்தால் தப்பாக வந்துவிடுமோ என்று பயம். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால்கூட என் முகத்தைப் பார்ப்பான்.

"அப்பாவைக் கேளுங்க. அவர் சொல்றதுதான் சரியா இருக்கும்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.