உடையாத எண்

இரவு இரண்டே முக்கால். ஆளரவமே இல்லாத நெடுஞ்சாலை... நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நண்பன் கணக்கு வாத்தியார், புளுகுகிற ஆள் இல்லை.

அக்கா வீட்டுக்காரர் லாரி டிரைவர். அவரும் இளையவர் ஒருவரும் முறை வைத்து ஓட்டுவார்கள். கண் சொக்காமலிருக்க ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் பெரிய எண் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவர் அது எதெதால் மீதியில்லாமல் வகுபடும் என்று உடைத்துக்கொண்டே போக வேண்டும். முழுதாக உடையும்வரை தூங்கக் கூடாது. அந்த இளையவர் போன மாதம்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார்.

அன்று டிரைவர் தனியாள். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. டீசல் வாடை... டயரின் ஒரே சீரான இரைச்சல்... பழக்கத்தில் வாய் ஓர் எண்ணை முணுமுணுத்தது. மூன்று லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

“ஏழு... பதினொன்னு... பதிமூணு...”

மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. அது உடையாது என்று விட்டுவிட்டார். தலை சாய்ந்தது.

முதுகுக்குப் பின்னால் படுக்கைப் பலகை கிறீச்சிட்டது.

“பதினேழால போகும்ண்ணே. தூங்காதீங்க.”

தூக்கிவாரிப்போட்டது. எதிரே வளைவு. பிரேக்கை மிதித்தார். முன்சக்கரத்தை ஒட்டிப் பள்ளம். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. காய்ச்சல் மருந்தின் கசப்பு வாடை மட்டும் அடித்தது. குரல் நிதானமாக அடுத்த எண்ணைச் சொன்னது... ஒரு கோடியே ஐம்பத்து நான்கு லட்சத்து எண்பத்தையாயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று.

வீட்டுக்கு வந்தும் அவர் தூங்கவில்லை. சுவரைப் பார்த்தபடி வகுத்துக்கொண்டே இருந்தார். கண் மூடினால் தோளை யாரோ தட்டினார்கள்.

“உடைக்காம விடமாட்டான். என்னால முடியலடி,” என்று குழந்தைபோல அழுதார்.

அக்கா தம்பிக்குப் போன் போட்டாள். அவன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான்.

“அது பகா எண்க்கா. ஒன்னாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. எத்தனை வருஷம் உக்காந்தாலும் உடையாது.”

தூக்கமில்லாமல் மனுஷன் இன்னும் எத்தனை நாள் தாங்குவார்? அக்கா பொய் சொல்லத் துணிந்தாள். செல்போனில் எதை எதையோ பெருக்கி, கிட்டத்தட்ட அந்த எண் வருகிற மாதிரி இரண்டு எண்களைப் பிடித்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து அவர் நெற்றியில் கை வைத்தாள்.

“என்னங்க, தம்பி கண்டுபிடிச்சிட்டான். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தஞ்சு. ரெண்டுதான். உடைஞ்சிருச்சு... தூங்குங்க.”

அவர் பெருமூச்சு விட்டார். இமைகள் மூடின. அக்காவுக்கு உயிர் வந்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து... ரொம்பவும் அலுத்துப்போன குரல்.

“பெருக்கினா அஞ்சுல முடியுது அண்ணி. மூணுல முடியணும். அண்ணனை எழுப்பிவிடுங்க.”