நிசார் வண்டி

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

தாங்கள் கொடுத்தனுப்பிய மசி தண்ணீராக இருக்கிறது. எழுத்து மங்கித் தெரிந்தால் அது என் கையின் குற்றம் அல்ல. தோல் பதனிடுகிற ஷாப்பில் பதினாறு வருஷம் ரைட்டராக இருந்தவன் நான். மதராஸ் ஏஜெண்டுகளுக்கு நான் எழுதின கடிதங்களில் ஒரு அடித்தல் திருத்தல் கண்டவர் கிடையாது.

நேற்று தாங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். கைதானதிலிருந்து என்னிடம் கேட்கப்பட்டவற்றில் அறிவுள்ள கேள்வி அது ஒன்றுதான். வாயால் பதில் சொன்னால் ஹெட் கான்ஸ்டபிள் இருதயராஜ் அதை எழுதிக்கொள்வார். அவர் எழுத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் நானே எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது. கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். வண்டியின் விவரம் தெரியாமல் பதில் விளங்காது.

வண்டி எங்கள் ஷாப் முதலாளி கலீமுல்லா சாகிபுடையது. 1929-ல் அவர் புது மோட்டார் வாங்கியபோது பழையதை நான் வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் ஓடினது. துணிக்கூரை இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது, பித்தளை ஹாரன் நசுங்கியிருந்தது. இருந்தாலும் எங்கள் தெருவில் மோட்டார் வைத்திருந்த ஆள் நான் ஒருவன்தான். வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு, இடது பக்கம் சுவரை ஒட்டினாற்போல் நிறுத்தினேன்.

அந்தப் பன்னிரண்டு வருஷமும் அதை ஓட்டினவன் நிசார் அஹமது. என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தான். புது மோட்டாரோடு மதராஸிலிருந்து தொப்பி வைத்த டிரைவர் ஒருவர் வந்துவிடவே, சாகிப் நிசாரைச் சுண்ணாம்புக் குழி வேலைக்கு அனுப்பினார். மயிர் உதிர்வதற்காகத் தோல்களை ஊறப்போடும் குழி அது. ஊறின தோலைக் கொக்கி போட்டு இழுக்கவேண்டும். அவன் முணுமுணுக்கவில்லை. நல்ல குணம் என்று எல்லாரும் சொன்னார்கள். என் வண்டி கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கும்வரை அவன் எதற்கு முணுமுணுக்கப்போகிறான் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிப்பது எங்கள் தெருவின் வழக்கம் அல்ல.

வண்டி என் பெயரில், ரசீது என் பெட்டியில். ஆனால் தெருவில் அதற்குப் பெயர் நிசார் வண்டி. என்னைத் தேடி வருகிறவர்களுக்கு, "நிசார் வண்டி நிக்கிற வீடு" என்று வழி சொல்லுவார்கள். ஒரு நாள் காலை வாசலில் வைத்து அரை மணி நேரம் எஞ்சினைக் கிளப்பும் முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றினேன். எஞ்சின் கிளம்பவில்லை. எதிர்வீட்டு வாசலில் கீரை விற்கிற கோவிந்தம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னா ரைட்டரே, மாவாட்டற மாதிரி சுத்திக்கினே இருக்கீங்க. நிசார் பாயக் கூப்பிடுங்க. அது அவரு கை பட்டாதான் கெளம்பும்."

தெரு சிரித்தது. நான் கூப்பிடவில்லை, அவனே வந்தான். ஒரு சுற்று. எஞ்சின் கிளம்பிவிட்டது. "கொஞ்சம் பேஜார் பண்ணும் சாப், மெதுவா இழுத்தா போதும்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். என் வண்டியைப் பற்றி எனக்கே பாடம்.

பூட்டை உடைத்து உருட்டிக்கொண்டு போவதுதான் திருட்டு என்று தங்கள் இலாகா நினைக்கிறது. அது திருட்டின் கடைசிப் படி. முதல் படி பெயரை எடுப்பது. அடுத்தது பழக்கத்தை எடுப்பது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நிசார் என் கொட்டகைக்கு வர ஆரம்பித்தான். வாரம் ஒருதரம் எஞ்சினைச் சூடு பண்ணாவிட்டால் துருவேறும் என்று காரணம் சொன்னான். என் மனைவி சௌந்தரம் அவனுக்கு மோர் கொடுத்தாள்.

வண்டிக்கு ஆபத்து இருப்பதாக ஸ்டேஷனுக்குப் பதினொரு கடிதம் எழுதினேன், நம்பர் போட்டு. நேரில் போய்க் கேட்டதற்கு இருதயராஜ், "அந்த வண்டியத் திருடறவனுக்கு நாமதான் ரைட்டரே கூலி குடுக்கணும்" என்றார். அரசாங்கம் இப்படி இருந்தால் குடிமகன் தன் சொத்தைத் தானேதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

முதலில் பின்சக்கரத்துக்குச் சங்கிலி போட்டேன். நிசார் வரும்போதெல்லாம், அது கிடக்கட்டும், எஞ்சின் மட்டும்தானே என்று சொல்லிச் சுற்றிவிட்டுப் போனான். பிறகு கொஞ்சம் யோசித்து வேலை செய்தேன்.

ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதை மேலே தள்ளிவிட்டுத்தான் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றவேண்டும். கீழே இருந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். சுற்றுகிறவனின் மணிக்கட்டு போய்விடும். டிரைவர்களுக்கு இது தெரியும். ஆகையால் நெம்புகோலை நான் தொடவில்லை. அதிலிருந்து எஞ்சினுக்குப் போகிற கம்பியைக் கழற்றி, கீழே இருந்தால் எப்படியோ அப்படி உள்ளே கட்டிவைத்தேன். நெம்புகோல் எங்கே இருந்தாலும் எஞ்சின் உதைக்கும். அந்த ஞாயிறு நிசாரின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப் போட்டார்கள், கோணலாகத்தான் சேர்ந்தது. அதன்பின் அந்தக் கையால் ஒரு செம்புத் தண்ணீர்கூட அவனால் தூக்க முடியவில்லை. சாகிப் இரக்கப்பட்டு வேலையிலேயே வைத்துக்கொண்டார். இடது கையால் கொக்கி இழுத்தான்.

புத்தியுள்ளவன் இதோடு நின்றிருப்பான். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த சமயம் வந்திருக்கிறான். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே எஞ்சின் சத்தம் கேட்டது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒடுங்கி நின்று, இடது கையால் சுற்றிக் கிளப்பியிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான்.

"உள்ள ஒரு கம்பி எப்படியோ கழண்டு மாட்டிக்கினு இருந்துது சாப். சரி பண்ணிட்டேன். நல்ல வேளை, எனக்கு ஆச்சு. நீங்க சுத்தியிருந்தா உங்க கை போயிருக்கும்."

கம்பி எப்படிக் கழன்றது என்று அவன் கேட்கவே இல்லை. அவ்வளவு மூளை. கொட்டகை வாசலில் கோவிந்தம்மாள் வேறு நின்றுகொண்டு, "ஒத்தக் கையாலயே கெளப்பிட்டாரு பாரு" என்று தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றே கைப்பிடியைக் கழற்றிச் சங்கிலிச் சாவியோடு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பெட்டிச் சாவி பூணூல்போல என் மார்பிலேயே கிடந்தது என்று சொன்னால் பொய். குளிக்கும்போது ஆணியில் மாட்டுவேன். சௌந்தரத்துக்கு அது தெரியும்.

மாசியில் அவள் தங்கை கல்யாணத்துக்கு நெமிலி போனாள். அந்த ஒன்பது நாளில் வண்டிக்கு முன்னால் குழி வெட்டினேன். கைப்பிடியைச் சுற்றுகிறவன் காலை ஊன்றாமல் சுற்ற முடியாது. ஊன்றுகிற இடமும் மாறாது. ஆள் உயரத்துக்கு ஆழம். ஷாப்பில் கழித்த சுண்ணாம்பு கொஞ்சம், சூளையிலிருந்து புதுச் சுண்ணாம்பு மூன்று மூட்டை. கொட்டகைக்கு வெள்ளையடிக்க என்றேன்; யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. மார்பளவுக்குக் கரைத்து விட்டேன். மேலே பலகை. அடியில் அதைப் பாதிக்குமேல் அறுத்திருந்தேன். சும்மா நின்றால் தாங்கும். கைப்பிடியை மேலே இழுக்கும்போது உடம்பின் பாரமெல்லாம் காலுக்கு வருமே, அப்போது தாங்காது. பலகைமேல் சாக்கும், சாக்கின்மேல் ஆவாரம்பட்டைத் தூளும்.

சுண்ணாம்பு வாடை காட்டிக்கொடுக்காதா என்று வேறு ஊர்க்காரர் கேட்கலாம். ஆம்பூரில் அந்த வாடை இல்லாத இடத்தைக் காட்டட்டும். அதிலும் நாளெல்லாம் சுண்ணாம்புக் குழியோரம் நிற்கிறவன் மூக்குக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது.

நான் இரக்கமில்லாதவன் என்று சௌந்தரம் வாக்குமூலம் கொடுத்திருப்பதாக அறிகிறேன். குழியின் விளிம்பில் நானே ஒரு இரும்பு வளையம் அடித்து வைத்தேன். இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிவிடலாம். திருட வந்தவனுக்குக்கூட வழி வைத்தவன் நான். இதைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குழி வெட்டின பிறகு நானே இரண்டு தடவை கைப்பிடியை மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் கிளம்பவும் இல்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. நிசாரின் மனைவி ஹலீமா பீக்கு முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. இது மூன்றாவது. இரண்டு நாளாக வலி. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். சாகிபின் மோட்டார் மதராஸுக்குப் போயிருந்தது. சாயங்காலம் ரயில் இருந்தது, அதைச் சொன்னேன். அதுவரை தாங்காது என்றான். எல்லாருக்கும் எல்லாம் உடனே ஆகவேண்டும்.

"ரைட்டர் சாப், வண்டி குடுங்க. நானே ஓட்டிக்கினு போய், பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து நிறுத்திட்றேன்."

"எழுதிக் கொடு. யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். பதினாறு வருஷமாக என்னிடம் யார் எதைக் கேட்டாலும் நான் சொல்லுகிற பதில் அதுதான்.

"இன்னா சாப் எழுதறது? வலிக்குதுன்னா?"

உள்ளே போய்க் குளித்தேன். தெருவில் ஆண்கள் எல்லாம் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரம். குளித்துவிட்டு வந்தபோது ஆணியில் சாவி இல்லை. பெட்டி திறந்திருந்தது. சௌந்தரம் கைப்பிடியைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"நான் எடுத்துக் குடுக்கறேன். வந்தப்புறம் என்னை அடிச்சிக்குங்க" என்றாள்.

குழியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. சொல்லுவதற்கு எனக்கு நேரம் இருந்தது. வாசற்படி வரை அவள் மெதுவாகத்தான் போனாள். ஆனால் என் சம்மதமில்லாமல் என் பெட்டியைத் திறந்தவளுக்கு நான் எதற்கு விளக்கம் சொல்லவேண்டும்? மேஜைக்குப் போய் உட்கார்ந்து, ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டாவது கடிதத்தை ஆரம்பித்தேன். தேதி, இடம், பொருள்: வண்டி திருட்டு.

கொட்டகைக் கதவு திறந்தது. சங்கிலி கழன்றது. சௌந்தரம் ஹலீமாவை அழைத்துவர ஓடினாள். நிசார் நெம்புகோலைத் தள்ளினான். இந்தத் தடவை எஞ்சினைத் திறந்து கம்பியையும் பார்த்தான். கற்றுக்கொண்டிருக்கிறான். பிறகு முன்னால் போனான். ஒரு சுற்று. எஞ்சின் கிளம்பியது. பலகை முறிந்த சத்தம் அதற்குள் அடங்கிவிட்டது. அவன் கூப்பிட்டிருப்பான். எஞ்சின் சத்தத்தில் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டதா என்று இருதயராஜ் மூன்று தடவை கேட்டார். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஒற்றைச் செங்கல் சுவர்தான்.

நாலு பெண்கள் ஹலீமாவைத் தாங்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோவிந்தம்மாள் அவள் முகத்தைத் துடைத்து, "அழாதம்மா, சத்தம் கேக்குது பாரு. நிசார் வண்டி கெளம்பிடுச்சி" என்றாள். அந்தப் பெண் தலையை ஆட்டிச் சிரிக்கக்கூடச் செய்தாள். வண்டி வெளியே வரும் என்று எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

கடிதத்தில் இன்னும் நாலு வரி பாக்கி. முடித்தேன். மசி காய்ந்தபின் மடித்தேன். பிறகு கொட்டகைக்குப் போய் எஞ்சினை அணைத்தேன். பெட்ரோல் வீணாகிக்கொண்டிருந்தது.

அவன் வளையத்தை இடது கையால் பிடித்திருந்தான். கண்கள் போயிருந்தன. யார் என்று கேட்டான். நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இறந்ததாகச் சொன்னார்கள். ஹலீமாவை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மாதனூர் தாண்டும்போது பெண் குழந்தை பிறந்தது. அது உயிரோடு இருக்கிறது. தாய் வேலூர் போய்ச் சேரவில்லை. சாயங்கால ரயில் அன்று சரியான நேரத்துக்கு வந்தது. விசாரித்துக்கொள்ளலாம்.

இப்போது தங்கள் கேள்வி. கொட்டகையைப் பார்வையிட்டுவிட்டு வந்து, "கைப்பிடி சுத்தறவன் எவனும் வாசல் பக்கமா நின்னுதானே சுத்துவான். நீ ஏன்யா குழிய சுவர்ப் பக்கம் வெட்டின?" என்று கேட்டீர்கள்.

வாசல் பக்கம் நிற்கிறவர்கள் வலது கைக்காரர்கள். நிசாரின் மணிக்கட்டு முறிந்தபின் வலது கையால் அந்த வண்டியைக் கிளப்ப எவனாலும் முடியாது, என்னாலேயே முடியவில்லை. கிளப்ப முடியாதவன் அதை எப்படித் திருடுவான்? சுவர்ப் பக்கம் நின்று இடது கையால் சுற்றுகிறவன் இந்தத் தாலுகாவில் ஒருவன்தான். குழியைத் திருடனுக்காக மட்டுமே வெட்டினேன். வேறு யாரும் விழவில்லை, அவன் விழுந்தான். ஆகையால் அவன் திருடன் என்பது நிரூபணமாகிறது. இதைத் தங்களைப்போல் படித்தவருக்கு மேலும் விளக்கவேண்டியதில்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். வண்டியைச் சாட்சிப் பொருளாக ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருப்பதாக அறிகிறேன். இன்று காலை ஒரு கான்ஸ்டபிள் ஜன்னலுக்கு வெளியே நின்று, நிசார் வண்டியை நிழலுக்குத் தள்ளிவிட நாலு ஆள் வேண்டும் என்று சொன்னது என் காதில் விழுந்தது. ரிஜிஸ்டரில் அப்படி எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, சொந்தக்காரன் ரத்தினசாமி என்று தெளிவாக எழுதச் சொல்லவும். அதன்பின் என்னை எங்கே கொண்டுபோனாலும் சரி.

இப்படிக்கு,
ரத்தினசாமி